லினக்ஸ் நிறுவும்போது ‘தரவு பழுது’: பழுது நுழைந்த இடத்தை எப்படிப் பிடிப்பது?

விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பிள்ளைகள் படிக்கப் பாவிக்கும் மடிக்கணினிகளில் பல இந்த வரம்புக்கு வெளியே நிற்பவை. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பியது, பல்கலைக்கழகம் முடித்த அண்ணா தங்கைக்கு விட்டுச்சென்றது, கல்முனையில் பாவித்த நிலையில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. உழைக்கும் நிலையில் இருக்கும் வன்பொருளை மூலையில் போட எந்தக் காரணமும் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவசப் பணிசெயல் முறைமை லினக்ஸ். அதன் வகைகளான லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை இத்தகைய கணினிகளில் நன்றாகவே ஓடும்.

ஆனால் நிறுவத் தொடங்கிய பலர் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாதி வழியில் நிறுவல் நின்றுவிடும். ‘தரவு பழுதடைந்திருக்கக்கூடும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் தெரியும். திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனால், “ஹார்ட் டிஸ்க் போய்விட்டது தம்பி, மாற்ற வேண்டும்” என்று ஒரே வசனத்தில் தீர்ப்பு வந்துவிடுவதும் உண்டு. சில வேளை அது சரியாக இருக்கும். பல வேளை பழுது வேறோர் இடத்தில் இருக்கும். புது வன்தட்டு போட்ட பிறகும் அதே வரி மீண்டும் வரும். மாதச் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கும் செலவு இது. அதைச் செய்வதற்கு முன் சான்று தேட வேண்டும். அந்தச் சான்றைத் தேடும் வழிகள் எல்லாம் இலவசம், வீட்டிலேயே செய்யக்கூடியவை.

தரவு எந்தப் பாதையில் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். எங்கோ உள்ள சேவையகத்திலிருந்து நிறுவல் கோப்பு உங்கள் இணைப்பின் வழியாக ஒரு கணினியின் வன்தட்டுக்கு இறங்குகிறது. அங்கிருந்து பென் டிரைவில் எழுதப்படுகிறது. பென் டிரைவிலிருந்து யு.எஸ்.பி. போர்ட் வழியாக மடிக்கணினியின் ரேமுக்கு, அதாவது தற்காலிக நினைவகத்துக்கு, போகிறது. ரேமில் விரிக்கப்பட்டு, கடைசியில் மடிக்கணினியின் வன்தட்டில் பதிகிறது. இந்தப் பாதையின் எந்த இடத்திலும் பழுது நுழையலாம். ஆனால் பெரும்பாலும் அது வெளிப்படுவது ஒரே கட்டத்தில்தான்: சுருக்கி வைத்த தரவை ரேமில் விரிக்கும்போது.

உபுண்டு, மின்ட் போன்றவற்றின் நிறுவல் கோப்புக்குள் முழு முறைமையும் ‘ஸ்குவாஷ்எப்எஸ்’ என்ற சுருக்கிய கோப்பு முறைமையாக அடைக்கப்பட்டிருக்கிறது. அது துண்டு துண்டாகச் சுருக்கப்பட்டது. ஒரு துண்டு பொதுவாக 128 கிலோபைட் முதல் 1 மெகாபைட் வரை இருக்கும். சுருக்காத படமொன்றில் ஒரு பிட் மாறினால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. சுருக்கிய துண்டுக்குள் ஒரு பிட் மாறினாலோ, அந்த இடத்துக்குப் பின்னால் வரும் எதையும் நம்ப முடியாது. முழுத் துண்டும் கைவிடப்படுகிறது. அப்போது முறைமையின் மைய நிரலான கேர்னல் எழுதும் வரிதான் ‘விரிக்க முடியவில்லை, தரவு அநேகமாகப் பழுது’ என்பது. அந்த ‘அநேகமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விரிக்கும் நிரலுக்குத் தன் கைக்கு வந்தது சரியில்லை என்பது மட்டும்தான் தெரியும். அதைப் பழுதாக்கியது யார் என்பது அதற்குத் தெரியாது.

எதையும் கழற்றுவதற்கு முன் நிறுவலை இன்னொரு தடவை ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே கோப்பில், அதே வீதத்தில் நின்றால் பழுது எங்கோ நிலையாகப் பதிந்திருக்கிறது என்று கொள்ளலாம்: பதிவிறக்கிய கோப்பில், பென் டிரைவில், அல்லது வன்தட்டின் ஒரு பகுதியில். ஒரு தடவை 40 வீதத்திலும் மறு தடவை 70ஐத் தாண்டியும் நின்றால், இடையில் ஓடும் எதிலோ கோளாறு: ரேம், சூடு, தளர்ந்த யு.எஸ்.பி. போர்ட், மின்சாரம். இது நூற்றுக்கு நூறு விதி அல்ல. ஆனாலும் அடுத்து எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்ய இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

நிலையான பழுது என்று தெரிந்தால் முதலில் கோப்பைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான லினக்ஸ் வெளியீட்டாளர்கள் நிறுவல் கோப்புக்குப் பக்கத்திலேயே அதன் எஸ்.எச்.ஏ. 256 சரிபார்ப்புத் தொகையை வெளியிடுகிறார்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு வரி அது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முழு வரியும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விண்டோஸில் இதைக் கணிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை; கட்டளைச் சாளரத்தில் ‘செர்ட்யூட்டில்’ என்ற கட்டளை போதும். லினக்ஸில் ‘எஸ்எச்ஏ256சம்’ இருக்கிறது. கிடைத்த வரியை வெளியீட்டாளரின் வரியுடன் ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாமல், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி முழுவதையும் பாருங்கள்.

இந்தத் தொகையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், மின்ட் 17.3 பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே கைப்பற்றியவரால் அங்கே எழுதியிருக்கும் தொகையையும் மாற்ற முடியும். அதனால்தான் வெளியீட்டாளர்கள் தொகைப் பட்டியலுக்கு, தங்களிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் ஜி.பி.ஜி. என்ற டிஜிட்டல் கையொப்பமும் இடுகிறார்கள். தற்செயலான பழுதைக் கண்டுபிடிக்கத் தொகை போதும். வேண்டுமென்று செய்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கையொப்பம் வேண்டும். நண்பரிடமிருந்து பென் டிரைவில் கோப்பு வாங்கும் வழக்கம் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக விடுதிகளில் சாதாரணம். நல்ல வழக்கம்தான், டேட்டா மிச்சம். ஆனால் தொகையை நண்பரிடம் வாங்காமல் வெளியீட்டாளரின் தளத்திலேயே பாருங்கள். சில கிலோபைட்டுக்கு மேல் செலவாகாது.

தொகை பொருந்தவில்லை என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் பதிவிறக்கம் இடையில் அறுந்திருக்கிறது. சரியாக 4 ஜி.பி. எல்லையில் நின்றிருந்தால் அது ஃபாட்32 கோப்பு முறைமையின் வரம்பு. அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தொட முடியாது. உபுண்டு 24.04 டெஸ்க்டொப் கோப்பு ஏறக்குறைய 6 ஜி.பி. என்பதால், பழைய பென் டிரைவில் அதைக் கொண்டுபோக முயல்பவர்கள் இதில் சிக்குகிறார்கள்.

பழுதான கோப்பை அழித்துவிட்டு மறுபடி முழுவதையும் இறக்குவதுதான் பலர் செய்வது. இரவு டேட்டாவுக்காகப் பன்னிரண்டு மணிவரை விழித்திருந்து இறக்கிய கோப்பென்றால் அது மனதை உடைக்கும் வேலை. அப்படிச் செய்யத் தேவையில்லை. உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றும் டொரன்ட் வழியாகவும் கிடைக்கின்றன. டொரன்ட் என்பது ஒரே கோப்பைப் பலரின் கணினிகளிலிருந்து இறக்கும் முறை. அதில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சரிபார்ப்புத் தொகை இருக்கிறது. கைவசமுள்ள பழுதான கோப்பை, பெயர் மாறாமல், டொரன்ட் மென்பொருளின் பதிவிறக்கக் கோப்புறையில் வைத்து, ‘மீள்சோதனை’ செய்யும்படி சொல்லுங்கள். எந்தத் துண்டுகள் சரி, எவை பழுது என்று அதுவே கண்டுபிடித்துப் பழுதானவற்றை மட்டும் இறக்கும். 6 ஜி.பி. கோப்பைச் சில மெகாபைட் செலவில் காப்பாற்றிவிடலாம். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நம் ஊர்களில் இந்த வழி இன்னும் பரவலாகத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கோப்பு சரி. அடுத்தது பென் டிரைவ். இதில் எழுதும் மென்பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பலேனா எட்சர் எழுதி முடித்ததும் திரும்ப வாசித்துச் சரிபார்க்கிறது. அந்தச் சரிபார்ப்பு நேரம் எடுக்கிறது என்று இடைநிறுத்தாதீர்கள். நமக்கு வேண்டியதே அதுதான். நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் அப்படியே பிரதி செய்து அதிலிருந்து தொடங்கவிடும் வென்டொய் என்ற மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அதன் பட்டியலில் நிறுவல் கோப்பின் மேல் நின்று ‘எம்’ விசையை அழுத்தினால், அந்த மடிக்கணினியிலேயே, அந்த போர்ட் வழியாகவே கோப்பை வாசித்துத் தொகையைக் கணித்துக் காட்டும். பதிவிறக்கிய கணினியில் சரியாக இருந்த தொகை இங்கே பொருந்தாவிட்டால், பழுது பென் டிரைவிலிருந்து இந்த மடிக்கணினி வரையிலான பாதையில்தான். உபுண்டுவும் 20.04 முதல் தொடங்கும்போதே தன் கோப்புகளைத் தானாகச் சோதிக்கிறது. அவசரத்தில் ‘கன்ட்ரோல் சி’ அழுத்தி அதைத் தாண்டிவிடுகிறவர்கள் தங்களுக்குக் கிடைத்த முதல் சான்றைக் கைநழுவ விடுகிறார்கள்.

மலிவான பென் டிரைவ்களில் ஒரு மோசடியும் இருக்கிறது. உறையில் 64 ஜி.பி. என்றிருக்கும், கணினியும் 64 என்றே காட்டும், உள்ளே சில்லின் கொள்ளளவு 8 ஆக இருக்கும். 8ஐத் தாண்டி எழுதுவது வெற்றிடத்தில் போகும், அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே விழும். எழுதும்போது எந்தப் பிழையும் காட்டாது, வாசிக்கும்போதுதான் தெரியும். லினக்ஸில் ‘எப்3’, விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ ஆகிய இலவசக் கருவிகள் முழுக் கொள்ளளவிலும் எழுதி வாசித்து உண்மையைச் சொல்லிவிடும். சோதனைக்கு முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாறி மாறி நிற்கும் பழுதுக்கு வருவோம். இதில் ரேம்தான் என் முதல் சந்தேகம். சாதாரண மடிக்கணினிகளின் ரேமில் பிழைதிருத்தும் வசதி கிடையாது. ஒரு பிட் தவறாக மாறினால் கணினிக்கு அது தெரியாது. விண்டோஸில் இத்தனை நாள் ஓடியதே என்று கேட்பார்கள். ஓடியிருக்கும்; இடைக்கிடை காரணமில்லாமல் நீலத்திரை காட்டியுமிருக்கும். நிறுவல் வேளையில்தான் பல ஜி.பி. தரவு ரேமின் பெரும்பகுதிக்குள் புகுந்து, சுருக்கம் விரிந்து வெளியேறுகிறது. அதுவரை தொடப்படாமல் கிடந்த பழுதான மூலை அப்போது தொடப்படுகிறது.

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியின் மடிக்கணினியில் இதைக் கண்ணாரக் கண்டேன். வன்தட்டை மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று அவளின் தந்தை பணம் புரட்டத் தொடங்கியிருந்தார். நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, இன்னொரு பென் டிரைவில் இருந்த 6 ஜி.பி. உபுண்டு கோப்புக்குத் தொகை கணித்தோம். ரேம் 4 ஜி.பி. மட்டுமே என்பதால், கோப்பு முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் ஒவ்வொரு தடவையும் பென் டிரைவிலிருந்து புதிதாக வாசித்தே ஆக வேண்டும். முதல் தடவை ஒரு வரி வந்தது. மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தோம். முதல் எழுத்திலிருந்தே வேறான ஒரு வரி வந்தது. மூன்றாவதும் வேறு. “அங்கிள், கோப்பை நாங்கள் மாற்றவே இல்லையே?” என்றாள் அவள். மாற்றவில்லைதான். ஒரே கோப்பு, ஒரே பென் டிரைவ். மாறிக்கொண்டிருந்தது அதைப் பிடித்து வைத்திருந்த ரேம். வன்தட்டுக்கும் இந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற கருவியை ஓடவிட்டபோது சிவப்பு வரிகள் நிரம்பி வழிந்தன. இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்றைக் கழற்றியதும் தொகை நிலைத்தது, நிறுவலும் முடிந்தது. அவளின் தந்தை வாங்க வேண்டியிருந்தது பாவித்த ரேம் குச்சி ஒன்றை மட்டும்.

மெம்டெஸ்ட்86+ பல லினக்ஸ் பென் டிரைவ்களின் தொடக்கப் பட்டியலிலேயே இருக்கும். 2022இல் வந்த 6ஆம் பதிப்பு முதல் அது யூ.இ.எப்.ஐ. என்ற புதிய வகைத் தொடக்க நிரல் கொண்ட கணினிகளிலும் ஓடுகிறது. குறைந்தது ஒரு சுற்று முழுமையாக முடியட்டும். இரவு முழுவதும் ஓடவிட்டால் இன்னும் நல்லது. ஒரேயொரு பிழை வந்தாலும் ரேமையோ அதன் இணைப்பையோ நம்ப முடியாது. குச்சி இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யலாம்: கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் படிந்துவிடும். மின்கலத்தை அகற்றி, குச்சியைக் கழற்றி, அந்த முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். திருத்துநர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ரேம் பலகையோடு ஒட்டி வந்த மடிக்கணினி என்றால், பழுதான முகவரிப் பகுதியைத் தொடாதே என்று ‘மெம்மேப்’ அளவுரு மூலம் கேர்னலுக்குச் சொல்லி ஒப்பேற்றவும் வழி இருக்கிறது.

சூட்டையும் மறக்க வேண்டாம். உபுண்டுவின் பழைய நிறுவி, கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை 5 வந்தால், வட்டைத் துடையுங்கள், வன்தட்டு பழையதா என்று பாருங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கணினியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள் என்றும் ஆலோசனை சொல்லும். சித்திரை, வைகாசி மதிய வெயிலில், தூசி அடைத்த விசிறியோடு, மெத்தையின் மேல் வைத்து நிறுவும் மடிக்கணினிக்கு அது மிகப் பொருத்தமான ஆலோசனை. மின்கலம் செத்துப்போய் மின்னேற்றியில் மட்டும் ஓடும் கணினி என்றால், ஐப்பசி இடி மழை நேரத்தில் நிறுவத் தொடங்காதீர்கள். மின்சாரம் ஒரு கணம் சிமிட்டினாலும் பாதி எழுதிய முறைமையே மிஞ்சும். அதைத் திருத்த முயல்வதைவிட முதலிலிருந்து நிறுவுவது மேல்.

இப்போது வன்தட்டு. கேர்னலின் செய்திகளை ‘டிமெஸ்ஜ்’ என்ற கட்டளை காட்டும். அதில் வாசிப்புப் பிழை வந்த வரிகளில் சாதனத்தின் பெயர் இருக்கும். ‘எஸ்.டி.ஏ.’ பெரும்பாலும் உள்ளே இருக்கும் வன்தட்டு, ‘எஸ்.டி.பி.’ பெரும்பாலும் பென் டிரைவ், ‘லூப்’ என்பது நிறுவல் கோப்புக்குள் இருக்கும் ஸ்குவாஷ்எப்எஸ். ஒழுங்கு மாறலாம் என்பதால் ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ கட்டளையில் கொள்ளளவைப் பார்த்து எது எது என்று உறுதி செய்யுங்கள். பிழை வரிகள் பென் டிரைவின் பெயரைச் சொல்லும்போது வன்தட்டை மாற்றுவதில் எந்த அர்த்தமும் இல்லை. வன்தட்டின் பெயரையே சொன்னால் ‘டிஸ்க்ஸ்’ செயலியில், வன்தட்டு தன் நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தரவைத் திறவுங்கள். 5ஆம் இலக்கம் மாற்றி ஒதுக்கிய பகுதிகளையும், 197 வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளையும், 198 திருத்த முடியாதவற்றையும் எண்ணிச் சொல்லும். இவை பூச்சியத்தைத் தாண்டி நாளுக்கு நாள் கூடினால் அந்த வன்தட்டை நம்ப வேண்டாம். 199 மட்டும் கூடுகிறது என்றால் கோளாறு இணைப்பில்; கழற்றி இறுக்கிப் போட்டாலே தீரலாம். சாகும் வன்தட்டில் குடும்பப் படங்கள் இருந்தால், கோப்பு முறைமையைத் திருத்தும் எந்தக் கட்டளையையும் கொடுக்காமல் முதலில் ‘டிடிரெஸ்கியூ’ மூலம் வேறு வன்தட்டுக்குப் பிரதி எடுங்கள். இதில் அவசரப்பட்டால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

நிறுவலின் கடைசிப் பகுதியில் வரும் ‘ஹாஷ் பொருந்தவில்லை’ என்ற பிழை வேறு வகை. அது இணையத்திலிருந்து இறக்கும் மென்பொருள் பொதிகளைப் பற்றியது. இடைத் தேக்ககம் பழைய பட்டியலைக் கொடுத்திருக்கலாம், இணைப்புத் தடுமாறியிருக்கலாம். டேட்டா முடிந்ததும் ரீலோட் செய்யச் சொல்லும் பக்கத்துக்கு இணைப்பு திருப்பப்பட்டால், பட்டியலுக்குப் பதில் அந்தப் பக்கம் வந்து சேரும்; அப்போது ‘இந்த வலையமைப்பு உள்நுழைவு கேட்கிறதா?’ என்று பொதிகளை இறக்கி நிறுவும் ‘அப்ட்’ கருவி கேட்கும். நிறுவும்போது இற்றைப்படுத்தல்களை இறக்கும் தெரிவை எடுத்துவிட்டு, இணைய இணைப்பே இல்லாமல் நிறுவுங்கள். மிகுதியைப் பிறகு பார்க்கலாம்.

பழுதே இல்லாமல் பழுதுபோல் தோன்றும் செய்திகளும் இருக்கின்றன. ‘கையொப்பம் செல்லாது’ என்று தொடக்கத்திலேயே நின்றால் அது, நம்பிக்கையான கையொப்பம் இல்லாத முறைமைகளைத் தொடங்கவிடாத ‘செக்கியூர் பூட்’ பாதுகாப்பு தடுப்பது. மடிக்கணினியின் சிறு மின்கலம் தீர்ந்து திகதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், பொதிப் பட்டியல் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று நிராகரிக்கப்படும். திகதியைத் திருத்தினால் போதும். உபுண்டு 20.04 காலத்தில் ‘இனிட்ராம்எப்எஸ் விரிக்க முடியவில்லை’ என்று ஒரு வரி பலருக்கு வந்தது. இனிட்ராம்எப்எஸ் என்பது கணினி தொடங்கும்போது முதலில் ரேமில் விரிக்கப்படும் சிறு கோப்பு முறைமை. அந்த வரி எல்.இசட்.4 என்ற சுருக்க முறையோடு வந்த தீங்கற்ற செய்தி. கணினி அதைத் தாண்டி வழமைபோல் தொடங்கிவிடும்.

பழுதைக் கண்டு திருத்தி நிறுவல் முடிந்த பிறகு, உபுண்டு, மின்ட், டெபியன் பாவிப்பவர்கள் ‘டெப்சம்ஸ்’ என்ற சிறு கருவியை நிறுவி ஒருமுறை ஓடவிடுங்கள். பொதிகளின் கோப்புகளை அவற்றோடு வந்த தொகைகளுடன் அது ஒப்பிட்டு, மாறியவற்றின் பெயரைச் சொல்லும். பெயர் வந்த பொதிகளை மட்டும் மீள நிறுவினால் போதும். அடுத்த நாளும் ஓடவிட்டு வேறு பெயர்கள் வந்தால் ரேம் சோதனைக்கே திரும்பிப் போக வேண்டும்.